முன்னது ‘லீன்’, பின்னது ‘ரிச்’: முரண்படும் ஆக்சிஜன் சென்சார் கோடுகளை அவிழ்ப்பது எப்படி

ஸ்கேனரைச் சொருகினால் இரண்டு கோடுகள் (பழுதைக் குறிக்கும் குறியீட்டு எண்கள்) வருகின்றன. எஞ்சினுக்குப் பெட்ரோல் போதவில்லை, அதாவது ‘லீன்’ என்கிறது ஒன்று. பெட்ரோல் அளவுக்கு மீறிப் போகிறது, அதாவது ‘ரிச்’ என்கிறது இன்னொன்று. சில வண்டிகளில் ஒரே சென்சாருக்கு வோல்டேஜ் குறைவு என்றும் வோல்டேஜ் அதிகம் என்றும் இரண்டு புகார்கள் சேர்ந்தே இருக்கும். இப்படி வந்தால் பெரும்பாலும் என்ன நடக்கிறது? கோட்டில் எந்த சென்சாரின் பெயர் இருக்கிறதோ அதைக் கழற்றிப் புதிது போடுகிறார்கள். சில நாளில் செக் எஞ்சின் லைட் திரும்ப எரியும். அப்புறம் அடுத்த சென்சார். ஆயிரக்கணக்கில் பணம் போயிருக்கும், பழுது இருந்த இடத்திலேயே இருக்கும்.

கோட்டில் இருப்பது புகார் கொடுத்தவரின் பெயர். குற்றவாளியும் அவராகவே இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இரண்டு கோடுகள் முட்டிக்கொண்டால் பயப்பட வேண்டியதில்லை; உண்மையில் அது நமக்கு வசதி. ‘லீன்’ என்ற ஒற்றைக் கோடு பத்துப் பதினைந்து காரணங்களால் வரும். ‘இந்தப் பக்கம் லீன், அந்தப் பக்கம் ரிச்’ என்ற ஜோடியை உண்டாக்கக்கூடிய காரணங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதனால் கோடுகளைத் தனித்தனியாகப் படிக்காமல் ஜோடியாகப் படிக்க வேண்டும்.

கை வைப்பதற்கு முன்

கோடுகளை அழிக்காதீர்கள். பென்டிங்கில் (இன்னும் உறுதியாகாத நிலையில்) இருப்பவற்றையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கோடு பதிவான நேரத்தில் எஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்பதை இசியு, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, சேமித்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பது அதுதான். ஆர்பிஎம், லோடு, எஞ்சின் சூடு, வண்டியின் வேகம், டிரிம் எல்லாம் அதில் கிடைக்கும். அழித்தால் இதுவும் சேர்ந்து போய்விடும். சாதாரண ஸ்கேனர்களில் பெரும்பாலும் ஒரே ஒரு ஃப்ரீஸ் ஃப்ரேம்தான் தெரியும். அது எந்தக் கோட்டுக்கு உரியது என்பதையும் பார்த்து எழுதுங்கள்.

அடுத்து, பேங்க் (சிலிண்டர் வரிசை) எது என்பதில் தெளிவு வேண்டும். முதல் சிலிண்டர் எந்த வரிசையில் இருக்கிறதோ அது பேங்க் 1. மூன்று அல்லது நான்கு சிலிண்டர் நேர் வரிசை எஞ்சின்களில் பொதுவாகப் பேங்க் 1 மட்டும்தான் இருக்கும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பது சென்சார் 1, பின்னால் இருப்பது சென்சார் 2. வி6, வி8 எஞ்சின்களில் ‘டிரைவர் பக்கம்தான் பேங்க் 1’ என்று ஊகத்தில் இறங்கக் கூடாது. ஃபோர்டு வி8-இல் முதல் சிலிண்டர் வலது வரிசையில் இருக்கிறது, செவர்லே எல்எஸ் வி8-இல் இடது வரிசையில். அந்த எஞ்சினுக்குரிய மேனுவலைப் பார்த்து உறுதி செய்த பிறகே அடுத்த வேலை.

ஃபியூவல் டிரிம் புரிந்தால் பாதி வேலை முடிந்தது. கணக்குப்படி ஊற்ற வேண்டிய பெட்ரோலுக்கு மேல் இசியு எத்தனை சதவீதம் கூட்டுகிறது, எத்தனை குறைக்கிறது என்பதே டிரிம். ஷார்ட் டிரிம் நொடிக்கு நொடி மாறும், லாங் டிரிம் மெதுவாகக் கற்றுக்கொண்டது. இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பிளஸ் 10-க்கும் மைனஸ் 10-க்கும் இடையில் இருந்தால் கவலையில்லை. 20, 25 என்று போகும்போது பெரும்பாலான இசியுக்கள் பி0171 போன்ற லீன் கோடுகளையும் பி0172 போன்ற ரிச் கோடுகளையும் போட ஆரம்பிக்கும். பிளஸ் என்றால் இசியு பெட்ரோலைக் கூட்டுகிறது, அதாவது சென்சார் லீன் என்று சொல்கிறது. மைனஸ் என்றால் நேர் எதிர்.

இன்னொன்று, உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை சென்சார்? பழைய வகையான நேரோபேண்ட் சிர்கோனியா சென்சார் சுமார் 0.1 வோல்ட்டிலிருந்து 0.9 வோல்ட் வரை ஆடும். நடுப்புள்ளி 0.45. மேலே போனால் ரிச், கீழே வந்தால் லீன். ஏர் ஃபியூவல் ரேஷியோ சென்சார் என்னும் வைட்பேண்ட் வகை அப்படி இல்லை. டொயோட்டாவின் பல எஞ்சின்களில் சரியான கலவைக்கு 3.3 வோல்ட் காட்டும். அதற்கு மேலே போனால் லீன், கீழே வந்தால் ரிச். முழுக்கத் தலைகீழ்! சில பொதுவான ஸ்கேனர்கள் இதே மதிப்பை ஐந்தால் வகுத்து 0.66 என்று வேறு காட்டும். அதைப் பார்த்து ‘எப்போதும் ரிச்சிலேயே நிற்கிறது, சென்சார் போச்சு’ என்று நல்ல சென்சாரைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு. முரண்பாடு வண்டியில் இருக்கிறதா, நாம் படிக்கும் விதத்தில் இருக்கிறதா என்பதை இந்த இடத்திலேயே முடித்துவிடுங்கள்.

ஒரு பேங்க் லீன், இன்னொரு பேங்க் ரிச்

பி0172-உம் பி0174-உம் (பேங்க் 2 லீன்) சேர்ந்து வரும், அல்லது பி0171-உம் பி0175-உம் (பேங்க் 2 ரிச்). வி6, வி8 போல இரண்டு பேங்க் உள்ள எஞ்சின்களில் மட்டும் வரும் ஜோடி இது. பார்த்தவுடன் கேட்க வேண்டிய கேள்வி: சமீபத்தில் கியர்பாக்ஸ் இறக்கினார்களா, சைலன்சர் வேலை நடந்ததா, எஞ்சின் இறக்கி ஏற்றினார்களா? ‘ஆமாம்’ என்று பதில் வந்தால், முன்பக்க சென்சார்கள் இரண்டின் கப்ளர்களும் இடம் மாறிச் சொருகப்பட்டிருக்க வாய்ப்பு மிக அதிகம்.

இடம் மாறினால் என்ன ஆகும் என்பதை நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் இந்தக் கோளாறில் கோடு சொல்வதும் எஞ்சினில் நடப்பதும் எதிரெதிராக இருக்கும். பேங்க் 1 இம்மியளவு லீனாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்குள்ள சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது, ஆனால் அந்தச் செய்தி பேங்க் 2-இன் ஒயரில் போகிறது. இசியு பேங்க் 2-க்குப் பெட்ரோலைக் கூட்டுகிறது. பேங்க் 2 ரிச் ஆகிறது. அங்குள்ள சென்சார் ‘ரிச்’ என்று சொல்ல, அந்தச் செய்தி பேங்க் 1-இன் ஒயரில் வருகிறது. இசியு பேங்க் 1-க்குப் பெட்ரோலைக் குறைக்கிறது. பேங்க் 1 இன்னும் லீன் ஆகிறது. இப்படியே சுற்றிச் சுற்றி இரண்டு டிரிம்களும் எதிரெதிர்த் திசையில் ஓடி, ஒன்று பிளஸ் எல்லையிலும் மற்றது மைனஸ் எல்லையிலும் போய் முட்டி நிற்கும். கடைசியில் இசியு எழுதுவது ‘பேங்க் 1 ரிச், பேங்க் 2 லீன்’. பிளக்கைக் கழற்றினால் பேங்க் 1 பிளக்குகள் வெளுத்திருக்கும், பேங்க் 2 பிளக்குகளில் கரி படிந்திருக்கும். லீன் என்று கோடு சொன்ன பக்கத்தில் கரி. இதைக் கண்ணால் பார்த்துவிட்டால் வேறு சாட்சி தேவையில்லை.

எஞ்சின் நடந்துகொள்ளும் விதமும் தனி. குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் வெண்ணெய் போல ஓடும், ஏனென்றால் அப்போது இசியு சென்சார்களைக் கேட்பதே இல்லை. சென்சார் சூடேறி, இசியு அதைக் கேட்டு நடக்கும் க்ளோஸ்டு லூப்புக்குள் போன பிறகு ஐடிலிங் ஆட ஆரம்பிக்கும், சில நிமிடங்களில் மிஸ்ஸிங் வந்து பிக்கப் செத்துவிடும். முன்பக்க சென்சார்கள் இரண்டின் கப்ளரையும் கழற்றிவிட்டால் உடனே ஓரளவு சீராகிவிடும்.

உறுதி செய்வது சுலபம். ஸ்கேனரில் இரண்டு முன் சென்சார்களின் லைவ் டேட்டாவைத் திறந்து வைத்துக்கொண்டு, பேங்க் 1-இல் இருக்கும் சென்சாரின் கப்ளரை மட்டும் கழற்றுங்கள். திரையில் எந்த சென்சாரின் மதிப்பு அசையாமல் நிற்கிறது? பேங்க் 2 உடையது நின்றுவிட்டால் விஷயம் முடிந்தது. கப்ளருக்குக் கை எட்டாவிட்டால் பேங்க் 1-இல் ஒரு இஞ்செக்டரின் கப்ளரைச் சில நொடிகள் கழற்றிப் பாருங்கள். எந்த சென்சார் லீன் பக்கம் சாய்கிறதோ அதுதான் உண்மையில் அந்தப் பேங்கில் உட்கார்ந்திருப்பது. சில இசியுக்கள் இந்த இடமாற்றத்தைத் தாங்களே கண்டுபிடித்து பி0040 என்று போடும், பின் சென்சார்களுக்கு பி0041. எல்லா வண்டியிலும் அதை எதிர்பார்க்க முடியாது.

கப்ளர்கள் சரியாகத்தான் இருக்கின்றன, ஆனாலும் ஒரு பக்கம் பிளஸ், மறுபக்கம் மைனஸ் என்றால்? அப்போது ஒரு பேங்க் சரியாக மூச்சு விடவில்லை என்று சந்தேகப்படுங்கள். ஒரே ஒரு ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வி எஞ்சினில் மொத்தக் காற்றை அளந்து, அது இரண்டு பேங்க்குக்கும் சமமாகப் போகிறது என்ற நம்பிக்கையில் இசியு பெட்ரோலைப் பங்கிடுகிறது. ஒரு பக்கத்துக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உருகி அடைத்திருந்தால், அல்லது டைமிங் செயின் நீண்டு அந்தப் பக்கத்து கேம்ஷாஃப்ட் பின்தங்கியிருந்தால், அங்கே காற்று குறைவாகப் போகும், பெட்ரோலோ சமமாகப் போகும். அந்தப் பக்கம் ரிச். மிச்சக் காற்று மறுபக்கம் போவதால் அங்கே லீன். கப்ளர் இடமாற்றத்திலிருந்து இதைப் பிரித்தறிய லோடைப் பாருங்கள். இடமாற்றத்தில் ஐடிலிங்கிலேயே டிரிம்கள் விலகி எல்லைக்கு ஓடும். அடைப்பில் ஐடிலிங்கில் ஏறத்தாழ ஒன்றாக இருக்கும், மேட்டில் ஏறும்போதும் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதும்தான் விலகும். அப்புறம் மைனஸ் பக்கத்தில் முன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் பிரஷர் கேஜ் மாட்டி அழுத்தம் பாருங்கள்.

ஒரே பேங்கில் லீனும் ரிச்சும்

பி0171, பி0172 இரண்டும் ஒரே வண்டியில், ஒரே பேங்கில். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. வெவ்வேறு நேரத்தில் இரண்டுமே உண்மையாக இருக்கலாம். எனவே ‘எப்போது’ என்பதே முதல் கேள்வி. ஃப்ரீஸ் ஃப்ரேமை அழிக்க வேண்டாம் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

ஏர்ஃப்ளோ சென்சாரின் மெல்லிய கம்பியில் தூசும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருந்தால் ஐடிலிங்கில் உள்ளதைவிடக் கூடுதலாகவும், அதிக லோடில் உள்ளதைவிடக் குறைவாகவும் காற்றைக் காட்டுவது வழக்கம். சிக்னலில் நிற்கும்போது ரிச், நெடுஞ்சாலையில் லீன். ஐடிலிங், 2500 ஆர்பிஎம், ஓட்டும்போது என்று மூன்று நிலைகளில் டிரிம்களை எழுதினால் இந்தச் சாய்வு பளிச்சென்று தெரியும். அதற்கென்றே விற்கும் ஏர்ஃப்ளோ சென்சார் கிளீனரால் கழுவுங்கள். கார்புரேட்டர் கிளீனரை அதன்மேல் அடிக்காதீர்கள், துணி வைத்தும் துடைக்காதீர்கள்.

டேங்கின் பெட்ரோல் ஆவியைச் சேர்த்து வைக்கும் கேனிஸ்டரிலிருந்து எஞ்சினுக்கு அதை விடும் பர்ஜ் வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டாலும் இதே ஜோடி வரும். டேங்க் நிரப்பிய பிறகு பெட்ரோல் ஆவி எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு ரிச். கேனிஸ்டர் காலியான பிறகு அதே வழியாக வெறும் காற்று புகுந்து லீன். கேனிஸ்டரிலிருந்து வால்வுக்கு வரும் ஹோஸைக் கழற்றி, ஐடிலிங்கில் வால்வின் அந்த வாயில் விரலை வையுங்கள். வால்வுக்குக் கட்டளை போகாத நேரத்திலும் உறிஞ்சினால் அது மூடவில்லை என்று அர்த்தம்.

பிற்பாடு சிஎன்ஜி கிட் பொருத்திய கார்களில் நான் முதலில் பார்ப்பது இதையெல்லாம் அல்ல. சீக்வென்ஷியல் கிட்டின் இசியு, பெட்ரோல் இசியு சொல்லும் இஞ்செக்ஷன் நேரத்தை எடுத்து கேஸுக்கு ஏற்பப் பெருக்கிக்கொள்கிறது. அந்த டியூனிங் சரியில்லை என்றால் கேஸில் ஓடும்போது பெட்ரோல் இசியுவின் டிரிம் ஒரு பக்கம் இழுக்கப்படும். கேஸ் தீர்ந்து பெட்ரோலுக்கு மாறியதும் அந்தத் தப்பான டிரிம்மோடு வண்டி ஓடும், எதிர்க் கோடு விழும். முழுச் சூட்டில் பெட்ரோலில் கொஞ்ச தூரம், கேஸில் கொஞ்ச தூரம் ஓட்டி டிரிம்களை ஒப்பிடுங்கள். எரிபொருள் மாறியதும் டிரிம் தாவினால் ஆக்சிஜன் சென்சாரில் ஒரு குறையும் இல்லை, கிட்டைத் திரும்ப டியூன் செய்ய வேண்டும்.

கோடு லீன் என்கிறது, பிளக் கருப்பாக இருக்கிறது

எனக்குத் தெரிந்தவரை அதிகப் பணம் வீணாவது இந்த ஜோடியில்தான். பி0171 வருகிறது, இஞ்செக்டரைக் கழுவுகிறார்கள், ஃபியூவல் பம்ப் மாற்றுகிறார்கள். ஆனால் சைலன்சரில் பெட்ரோல் வாடை அடிக்கிறது, மைலேஜ் விழுந்திருக்கிறது, பிளக் முழுக்கக் கரி, பின் சென்சார் 0.8 வோல்ட்டில் அசையாமல் நின்று ரிச் என்கிறது. முன் சென்சார் ஒரு பக்கம், மற்ற எல்லாமே மறுபக்கம்.

ஆக்சிஜன் சென்சாருக்குப் பெட்ரோலை அளக்கத் தெரியாது. புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அந்த ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது என்று அது கேட்காது. இரண்டு வழிகளில் அது ஏமாறும்.

முதலாவது, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் லீக். புகை சீராகப் போவதில்லை, துடிப்புத் துடிப்பாகப் போகிறது. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறையும். விரிசல் வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் அதைப் பார்த்து லீன் என்கிறது, இசியு பெட்ரோலைக் கொட்டுகிறது. விடியற்காலையில், எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து மேனிஃபோல்ட் பக்கம் காதை வையுங்கள். ‘டிக் டிக் டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். சூடானதும் உலோகம் விரிந்து அது அடங்கிவிடும். கேஸ்கெட்டின் ஓரத்தில், பெரும்பாலும் கடைசி ஸ்டட்டுக்குப் பக்கத்தில், விரல் நகம் அகலத்துக்குக் கறுப்பாகக் கரிக்கோடு படிந்திருக்கும். அதுதான் இடம். சந்தேகம் இருந்தால் குளிர்ந்த நிலையிலேயே சோப்புத் தண்ணீர் தெளித்து, சைலன்சர் வாயைத் தடித்த துணியால் ஓரிரு நொடி பாதி மூடினால் குமிழி வரும்.

இரண்டாவது, மிஸ்ஸிங். ஒரு சிலிண்டர் எரியவில்லை என்றால் அதற்குள் போன காற்று முழுவதும் ஆக்சிஜனோடு அப்படியே வெளியே வருகிறது. சென்சார் லீன் என்கிறது. கூட்டிய பெட்ரோல் நன்றாக எரியும் மற்ற சிலிண்டர்களுக்கும் போய் அவற்றையும் கரியாக்குகிறது. பி0300 முதலான மிஸ்ஃபயர் கோடு லீன் கோட்டுடன் சேர்ந்து வந்தால், முதலில் மிஸ்ஸிங்கை முடியுங்கள். காயில், பிளக், கம்ப்ரஷன். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும், அதனால் இந்த நிலையில் வண்டியை ஓட்டிக்கொண்டே இருக்கக் கூடாது.

இரண்டும் இல்லை என்றால்தான் சென்சாரையே சந்தேகிக்க வேண்டும், அதற்கும் சோதனை இருக்கிறது. எஞ்சின் சூடாக 2000 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஏர் ஃபில்டர் வழியாகக் கொஞ்சம் புரொப்பேன் அல்லது சமையல் கேஸை விடுங்கள். நேரோபேண்ட் சென்சார் சட்டென்று 0.8-க்கு மேல் தாவ வேண்டும். பிறகு ஒரு சிறிய வேக்குவம் ஹோஸைக் கழற்றுங்கள்; 0.2-க்குக் கீழே விழ வேண்டும். தாவலும் விழுதலும் கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்தால் சென்சார் நன்றாக இருக்கிறது, அது சொல்வதை நம்புங்கள். எஞ்சின் திணறும் அளவுக்கு கேஸ் போயும் 0.3-லேயே நின்றால் சென்சார் போய்விட்டது. இதைச் செய்யும்போது திறந்தவெளியில் இருங்கள், சூடான மேனிஃபோல்ட் பக்கம் கேஸ் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

முன் சென்சார் ரிச், பின் சென்சார் லீன்

மேலே சொன்னதற்கு நேர் எதிர். பி0172 அல்லது பி0132 (முன் சென்சார் வோல்டேஜ் அதிகம்), கூடவே பி2270 (பின் சென்சார் லீனிலேயே நிற்கிறது). டிரிம் மைனஸ் எல்லையில் இருக்கும், வண்டியோ பெட்ரோல் பற்றாமல் இழுக்கும், முக்கும். பின் சென்சார் சொல்வதுதான் உண்மை என்பதற்கு எஞ்சினே சான்று: ரிச்சாக இருக்கும் எஞ்சின், மேலே சொன்ன சோதனை போலப் புரொப்பேன் கேஸ் கொடுத்தால் இன்னும் மோசமாக வேண்டும், இது கேஸ் கொடுத்ததும் சீராகும்.

இங்கே பெரும்பாலும் ஒயரிங். நான்கு ஒயர் சென்சாரில் ஹீட்டருக்குப் போகும் 12 வோல்ட் ஒயரும் சிக்னல் ஒயரும் ஒரே கப்ளருக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒயர் சைலன்சரில் பட்டு உருகினாலோ கப்ளருக்குள் தண்ணீர் புகுந்தாலோ ஹீட்டர் வோல்டேஜ் சிக்னலுக்குள் கசியும். நேரோபேண்ட் சென்சார் தானாக 1 வோல்ட்டைத் தாண்டி உற்பத்தி செய்யாது, ஸ்கேனரில் 1.2-க்கு மேல் நிலையாகத் தெரிந்தால் வெளியிலிருந்து மின்சாரம் வருகிறது என்று அர்த்தம். கப்ளரைக் கழற்றிவிட்டு மதிப்பைப் பாருங்கள். கழற்றியும் இறங்கவில்லை என்றால் கோளாறு வண்டியின் ஹார்னஸ் (ஒயர்க் கட்டு) பக்கம், இறங்கினால் சென்சார் பக்கம்.

ஒரே சென்சாருக்குக் குறைவு, அதிகம் இரண்டும்

பி0131 (வோல்டேஜ் குறைவு), பி0132 சேர்ந்து வந்தால், அல்லது இவற்றோடு ஹீட்டர் கோடு பி0135-உம் வந்தால், யாராவது யுனிவர்சல் சென்சார் வாங்கி ஒயரை வெட்டி ஒட்டியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். ஒயர்களின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். போஷ் நேரோபேண்ட் சென்சாரில் வெள்ளை இரண்டும் ஹீட்டர், கறுப்பு சிக்னல், சாம்பல் சிக்னலின் எர்த். டென்சோவில் கறுப்பு இரண்டும் ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை எர்த். நிறத்துக்கு நிறம் பார்த்து ஒட்டினால் ஹீட்டர் ஒயர் சிக்னலில் போய் உட்காரும்.

ஒட்டு இல்லை என்றால், லைவ் டேட்டாவைப் பார்த்தபடி ஹார்னஸைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துக்கொண்டே போங்கள். மதிப்பு எங்கே குதிக்கிறதோ அங்கே ஒயர் முறிந்திருக்கிறது. வி எஞ்சினில் இரண்டு பேங்க் சென்சார்களும் ஒரே நேரத்தில் உளற ஆரம்பித்தால் பொதுவான எர்த் பாயிண்டைத் தேடுங்கள். இரண்டு சென்சார்கள் ஒரே நாளில் சாவது மிக மிக அபூர்வம்.

ஒயரைச் சரிசெய்யும்போது ஒரு விஷயம். சிர்கோனியா சென்சார் ஒப்பிட்டுப் பார்க்க வெளிக்காற்று வேண்டும், பல சென்சார்களில் அந்தக் காற்று ஒயரின் இழைகளுக்கு நடுவிலேயே உள்ளே போகிறது. ஈயம் வைத்துப் பற்றவைத்தால் அந்த வழி அடைபடும். கப்ளருக்குள் கிரீஸ் தடவினாலும் அதே கதி. கிரிம்ப் செய்து, மேலே உறை போடுங்கள்.

ஹீட்டர் கோடுகள் கும்பலாக வந்தால்

பி0135, பி0141, வி எஞ்சின் என்றால் பி0155-உம். எல்லா ஹீட்டரும் சேர்ந்து போகாது. ஃபியூஸ், ரிலே, அவ்வளவுதான். ஃபியூஸ் எரிந்திருந்தால் காரணம் தேடாமல் புதிது போடாதீர்கள். ஏதோ ஒரு சென்சாரின் ஒயர் சைலன்சரில் பட்டு ஷார்ட் ஆகியிருக்கும். ஒவ்வொரு கப்ளராகக் கழற்றி, எதைக் கழற்றினால் ஃபியூஸ் நிற்கிறது என்று பாருங்கள்.

இவற்றோடு பி0420-உம் இருந்தால்

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் கோடு இது. தற்காலிகமாக மறந்துவிடுங்கள். முன் சென்சார், டிரிம், மிஸ்ஸிங், எக்ஸாஸ்ட் லீக் இவற்றில் எதில் கோளாறு இருந்தாலும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பற்றிய கணக்கு தப்பாகும். இந்தப் பட்டியலிலேயே விலை அதிகமான பார்ட் அதுதான், அதனால் அதை எப்போதும் கடைசியில் வையுங்கள். மற்றதெல்லாம் சரியான பிறகும் பின் சென்சார் முன் சென்சாரைப் போலவே துள்ளிக்கொண்டிருந்தால் அப்போது பேசலாம்.

சென்சார்தான் என்று முடிவானால்

கழற்றிய சென்சாரின் நுனியைப் பாருங்கள். வெள்ளைப் பொடி படிந்திருந்தால் கேஸ்கெட்டுக்குத் தடவிய தப்பான சிலிக்கான் பேஸ்ட், அல்லது சிலிண்டருக்குள் கசியும் கூலண்ட். பழுப்புச் சாம்பல் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. அதை நிறுத்தாமல் புதிய சென்சார் போட்டால் அதுவும் சீக்கிரம் போகும்.

சாவி பெரும்பாலும் 22 மில்லிமீட்டர், ஒயர் போக வெட்டு விட்ட சாக்கெட் வேண்டும். எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது கழற்றுவது சுலபம். ஆன்டி சீஸ் (மரை இறுகிப் பிடிக்காமல் இருக்கத் தடவும் பசை) மரையில் மட்டும் படட்டும், நுனியில் படக் கூடாது. புதிய சென்சார்களில் பொதுவாக அதைத் தடவியே அனுப்புகிறார்கள். நேரோபேண்ட் இருந்த இடத்தில் வைட்பேண்டோ, வைட்பேண்ட் இருந்த இடத்தில் நேரோபேண்டோ போடக் கூடாது. மரை ஒன்றாகவே இருக்கும், அதனால் பொருந்திவிடும், வேலை செய்யாது.

சரிசெய்த பிறகு

இப்போது கோடுகளை அழியுங்கள். லாங் டிரிம்மும் பூஜ்யத்துக்கு வந்திருக்கிறதா என்று பாருங்கள். வராத வண்டிகளில் ஸ்கேனரில் அதற்குத் தனி ரீசெட் இருக்கும். பழைய தப்பான டிரிம்மோடு வண்டியைக் கொடுத்தால் சரியான பழுதுபார்ப்பும் தோற்றது போலத் தெரியும். முழுச் சூட்டில் ஐடிலிங்கில் சில நிமிடம், நகரப் போக்குவரத்தில் கொஞ்சம், ஒரே சீரான வேகத்தில் கொஞ்சம் ஓட்டி, மூன்றிலும் டிரிம்களை எழுதுங்கள். வி எஞ்சினில் இரண்டு பேங்க்கின் டிரிம்களும் ஒரே திசையில், சில சதவீத வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும்.

விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் நம்பி வண்டியைக் கொடுக்காதீர்கள். ஸ்கேனரின் ரெடினஸ் பக்கத்தில் ஆக்சிஜன் சென்சார், ஹீட்டர், கேட்டலிஸ்ட் மூன்றுக்கும் சோதனை முடிந்ததாகக் காட்டும் வரை இசியு இன்னும் தன் பரிசோதனையை முடிக்கவில்லை. முடித்த பிறகு பென்டிங் கோடுகளை ஒருமுறை படியுங்கள். அதிலும் ஒன்றும் இல்லை என்றால் சாவியைக் கொடுத்துவிடலாம்.